நேந்துவிட்ட சேவலுக்கு முள் எடுத்தது

உ

மேலகரம்,
தாரண வருஷம் ஆடி மாசம், வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி மருமவ முப்பிடாதிக்கு மாமன் ஆறுமுகநயினார் ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கிட்டது.

இங்கன நானும் உன் அத்தை பார்வதியும் இருக்கோம். அத்தைக்குத் தொண்டை நல்ல சொகமா இருக்கு, தெருவுக்கே கேக்குது. அங்கன நீயும் உங்க அம்மாவும் எப்படி இருக்கீக? உங்க அய்யாவையும் கேட்டதாச் சொல்லு. அவுக எப்படியும் உனக்கு முந்தி இதைப் பிரிச்சு வாசிச்சிருவாக. அதனால நேராவே கேட்டுக்கிடுதேன். சம்பந்தகாரரே, மீசை சொகமா?

நான் மூணாங் கிளாசோட பள்ளிக்கொடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். வாயில வருததுதான் கையிலயும் வரும். நீ அஞ்சாப்பு படிச்சவ, தப்பு இருந்தா திருத்தி வாசிச்சுக்கோ தாயி.

நேத்து மத்தியானம் கரி பஸ்ஸு வந்து நம்ம தெரு முக்குல நின்னுது. கண்டக்டர் மேல ஏறி ஒரு கோழிக்கூடையை இறக்கினான். புகையில கூடையும் கருப்பு, அவனும் கருப்பு. இறக்கினவன் சும்மா போவக் கூடாதா? ஆலங்குளத்துச் சம்பந்தகாரர் முத்துராமலிங்கம் குடுத்தனுப்பினது, மாடன் சேவலை இனிமே நீங்களே வச்சுப் பாத்துக்கிடணுமாம்னு ஊருக்கெல்லாம் கேக்கக் கத்திட்டுப் போறான். உன் அத்தை அடுக்களைக்குள்ள இருந்தவ, அப்படியே உக்காந்துட்டா. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. கோழி வந்திருக்கு, கொழம்பு வைக்கவான்னு கேட்டுட்டேன். கரண்டி பறந்து வந்துச்சு. நல்லவேளை, அவளுக்கு இப்பக் கண்ணு சரியில்ல.

இன்னைக்குக் காலையில உங்க அய்யா போட்ட கார்டும் வந்துச்சு. சேவலு வைகாசியில இருந்தே நொண்டுதாம். உங்க ஊரு சாமியாடியைக் கூட்டியாந்து காட்டினாகளாம். அவன் திருநீத்தைப் போட்டுப் பாத்துட்டு, சேவலுக்குக் கால் போச்சு, அப்ப ஆளும் போச்சுன்னு சொல்லிட்டானாம். மாடனே இப்படிக் காட்டிக் குடுத்த பெறவு எங்க பொண்ணு யாருக்காக உக்காந்திருக்கணும், ஆடி கழியட்டும், ஆவணியில பழைய தாலியைக் கழட்டி அறுத்துக்கட்டி வைக்கப் போறோம், மாப்பிள்ளை பாவூர்சத்திரத்துல சைக்கிள் கடை வச்சிருக்கவுக, பொண்டாட்டி செத்துப்போயி ஒத்தையா இருக்காகன்னு எழுதியிருக்காக. எழுத்து முத்து முத்தா இருக்கு. அதுக்கே ரெண்டு தரம் வாசிச்சேன்.

உங்க அய்யாவுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம், அதனால சொல்லுதேன். எம்மவன், உன் புருஷன் கடற்கரை, பட்டாளத்துக்குப் போனான். சிங்கப்பூரு விழுந்த பெறவு ஆளைக் காணலைன்னுதான் சர்க்கார் எழுதினானே ஒழிய, செத்தான்னு எழுதல. அப்பதான் நீ இந்தச் சேவலைக் குஞ்சாப் பிடிச்சு நம்ம ஊரு மாடனுக்கு நேந்துவிட்ட. நேந்துவிட்டா நம்ம வீட்டு வழக்கம் என்ன? அவன் வந்து சேர்ந்து மாடனுக்குப் பலி குடுக்குத அன்னைக்குத்தான் அதுமேல இரும்பு படணும். அதுவரைக்கும் கத்தி, ஊசி ஒண்ணும் படக்கூடாது. குடுக்கும்போது நொண்டி மொடம் இல்லாமலும் இருக்கணும். அந்த வழக்கத்தைத்தான் நீயும் உங்க வீட்டுல ஒழுங்கா வச்சிருந்திருக்க. அதுலதான் வினை வந்துச்சு, கேளு.

கூடையைத் திறந்தா துணைக்குப் போட்ட ரெண்டு பெட்டைக்கோழியும் சேவலும் ஒண்ணுமேல ஒண்ணா மயங்கிக் கெடக்குது. முதல்ல தண்ணி வச்சேன். குடிச்சு நிமிந்த பெறவுதான் கம்பு போட்டேன், பசியில அள்ளி விழுங்கிட்டுத் தொண்டையில அடைச்சுக்கிடப்பிடாது பாரு. ஆலங்குளத்துக் காஞ்ச வெயில்ல வளந்ததுக, இங்கன வந்து எறங்கினா மலையில இருந்து சாரலு சில்லுன்னு அடிக்கி. மூணும் ஒட்டிக்கிட்டு நடுங்குச்சு. தொழுவுல மேக்க பாத்த பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, கீழ காஞ்ச மணலும் சாம்பலும் போட்டு, மூங்கில் பஞ்சாரத்துக் கூடைக்குள்ள மூணையும் கவுத்திருக்கேன். பக்கத்து வீட்டு அலிமா கோழிக புதுசா வந்ததைக் கொத்த வரிசையில நிக்குது. அதனால பழகுத வரைக்கும் வெளிய விடல.

அத்தை மட்டும் ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போயி அடுப்பைச் சுத்திக் காட்டிட்டு வந்தா. அடுப்பைக் கண்ட கோழி வேற வீடு தேடிப் போவாதாம். உன்னையும் கல்யாணத்தன்னைக்கு முதல்ல அங்கனதான் கூட்டிட்டுப் போனா. ஆனா நீ போயிட்ட. அதுல உன்மேல குத்தமில்ல. உங்க அய்யாதான் கொஞ்ச நாளைக்குன்னு வந்து கூட்டிட்டுப் போனாக.

சேவலை மடியில போட்டுக் காலைப் பாத்தேன் தாயி. காலுக்கு ஒண்ணுமே இல்ல. முள்ளுதான் சீக்கு. சேவலுக்கு வயசாக ஆகக் காலுல பின்னாடி முள்ளு வளந்துக்கிட்டே போவும். கல்லுமேடு, கரட்டுல அலைஞ்சா அதுவாத் தேயும். இதை நீ சாமிப் பிள்ளைன்னு களத்துமேட்டு வைக்கோல்லயே வச்சு வளத்திருக்க, எங்க இருந்து தேய? வளந்த முள்ளு ஆட்டுக்கெடாக் கொம்பு மாதிரி வளைஞ்சு, நுனி வந்து அது காலுலயே குத்தி நிக்குது. ஒவ்வொரு எட்டுக்கும் அதையே அது குத்திக்கிடுது. மத்த சேவலா இருந்தா யாராவது முள்ளை நறுக்கிவிட்டிருப்பாக. நேந்த சேவலு, இரும்பு படக்கூடாதுன்னு எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்திருக்கீக. சாமியாடி திருநீத்தைப் போட்டானே, மூதி, காலைத் தூக்கிப் பாத்தானா?

அதனால நான் சொல்லுதது இதுதான். இரும்பு படாம அந்த முள்ளை நான் எடுக்கேன். எடுத்து, சேவலை நேரா நடக்கவிட்டுக் காட்டுதேன். நொண்டினா ஆளு போச்சுன்னா, நடந்தா ஆளு வருவான்னுதானே அர்த்தம்? சம்பந்தகாரரே, உம்ம சாமியாடி கணக்குப்படியே பேசுதேன், மாத்திப் பேசக்கூடாது. அதுவரைக்கும் பாவூர்சத்திரத்துக்காரர் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருக்கட்டும்.

முப்பிடாதி, நீ தைரியமா இரு. ஒரு கார்டு போடு. உன் கையெழுத்தைப் பாத்தா அத்தை ரெண்டு வாய் சாப்பிடுவா.

இப்படிக்கு,
கோழி மேய்க்கும் மாமன்,
ஆறுமுகநயினார்.


உ

மேலகரம்,
தாரண வருஷம் ஆவணி மாசம், செவ்வாக்கிழமை.

சௌபாக்கியவதி மருமவ முப்பிடாதிக்கு மாமன் ஆசீர்வாதம்.

உன் கார்டு வந்து நாளாச்சு. சொகமா இருக்கீகளான்னு கூடக் கேக்காம, சேவலு நேரா நடந்தா அவுக வந்திருவாகளா மாமான்னு அது ஒண்ணை மட்டும் எழுதியிருந்த. கேலி பேச வாய் வருத எனக்கு இதுக்குப் பதில் வரல. அதனாலதான் இம்புட்டுத் தாமசம். முதல்ல நடந்ததைச் சொல்லிருதேன்.

இரும்பு இல்லாம எப்படி முள்ளை எடுக்கன்னு நானும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டேதான் இருந்தேன். சின்ன வயசுல சேவக்கட்டுக்குத் திரிஞ்சவன், முள்ளுல கத்தி கட்டத் தெரியும், கழட்டத் தெரியாது. பெறவு யோசிச்சேன். கொம்புச் சீப்பு செய்யுதவன் கொம்பைச் சூடு காட்டித்தானே வளைக்கான், முள்ளும் கொம்பு சாதிதானே? தீயில காட்டினா காலு வெந்துபோவும். அப்பதான் அத்தை மரச்சீனிக்கிழங்கு அவிச்சு எறக்கினா. இப்ப இங்கன அரிசி கூப்பனுக்குத்தானே, பாதி நாள் கிழங்குதான். அவிச்ச கிழங்கு சூட்டை எம்புட்டு நேரம் பிடிச்சு வச்சிருக்கும்னு அதை வாயில போட்டவனுக்குத்தான் தெரியும். நல்ல தடிச்ச துண்டா ஒண்ணை எடுத்தேன். மனுசருக்கே கிழங்கு காணல, உங்க சேவலுக்குக் கிழங்கு விருந்தான்னு அத்தை அந்தக் கத்து கத்தினா. எதுக்குன்னு சொன்ன பெறவு அவளே ஓடிப்போயி இன்னும் பெரிசாப் பாத்து எடுத்துக் குடுத்தா.

சேவலை என் துண்டால சுத்தித் தலையையும் மூடினேன். கண்ணு மறைஞ்சா அது அடங்கிரும். அத்தை மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டா. காலுல சூடு படாம ஈரத்துணியைச் சுத்திட்டு, முள்ளு மட்டும் கிழங்குக்குள்ள போவுத மாதிரி சொருகிப் பிடிச்சேன். கிழங்கு ஆறுத வரைக்கும் பொறுத்து, துணியால முள்ளைப் பிடிச்சுப் பையப் பைய இங்கிட்டும் அங்கிட்டும் திருகினேன். டக்குன்னு ஒரு சத்தம். மேல் ஓடு புளியம்பழத்து ஓடு மாதிரி அப்படியே தனியாக் கழண்டு வந்துச்சு. உள்ள ரோசாக் கலருல சின்னதா, பச்சைப்பிள்ளை விரல் மாதிரி ஒரு முள்ளு இருக்கு. குத்தின எடத்துல மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். அத்தை அந்த ஓட்டைக் கையில வச்சுக்கிட்டு மாடனைப் பாத்துக் கும்பிட்டா. எனக்கும் கொஞ்சம் திமிரு வந்துட்டு.

அந்தத் திமிருலதான் அடுத்த காலைக் கெடுத்தேன். அந்தக் கிழங்கு பாதி ஆறிப்போச்சு. வேற அவிக்கச் சொல்லியிருக்கணும். போதும்னு திருகிட்டேன். ஓடு பாதியில கிழிஞ்சு உள்ள இருந்த பிஞ்சு முள்ளும் பேந்து ரத்தம் பொத்துக்கிட்டு வந்துச்சு. மஞ்சளை அப்பினேன், துணியை வச்சு அமுக்கினேன், நிக்கல. அத்தை மடியெல்லாம் ரத்தம். அவ சேவலை விட்டுட்டா. என் பிள்ளை எங்கயோ ரத்தஞ் சிந்துதான், நீங்கதான் சிந்த வச்சீகன்னு சொன்னா. கத்தல தாயி, மெதுவாத்தான் சொன்னா. கத்தியிருந்தா எதுத்துப் பேசியிருப்பேன்.

ரத்தம் எப்படியோ நின்னுது. ஆனா சேவலு படுத்துட்டு. சிவப்பைக் கண்டா பெட்டைக்கோழி ரெண்டும் கொத்த வருது, அதனால அதைத் தனியா ஒரு பஞ்சாரத்துல போட்டு, காய்ஞ்ச மணலை மாத்தி மாத்திப் போட்டேன். தீனியை வாய்ப்பக்கம் கொண்டுபோயி நீட்டினேன். அப்ப நான் கண்டது என்ன தெரியுமா? சேவலை இல்ல, உன் அத்தையைத்தான் கண்டேன். காலையில எந்திரிச்சா முகங்கூடக் கழுவாமப் பஞ்சாரத்துக்கிட்டப் போறா. சேவலு ரெண்டு கம்பு கொத்தினா அடுப்பு எரியுது, கொத்தலைன்னா எரியல. அது தலையைத் தொங்கப்போட்டா இவளும் சொவத்துல சாஞ்சிருதா. அது செறகடிச்சா இவ கண்டாங்கியை ஒழுங்காக் கட்டுதா. அலிமா வந்து, ஆச்சி, சேவலுக்குச் சொகமில்லைன்னா அதுக்குத்தான் சொகமில்ல, உங்க மவனுக்கு என்னன்னு கேட்டுச்சு. அத்தை அதுகிட்டப் பேசுததை நிப்பாட்டிட்டா. ஒருத்தன் உசுரைக் கொண்டுபோயி ஒரு சேவலு காலுல கட்டிவச்சிருக்கோம் பாத்தியா?

அப்படியே கெடந்தது ஒரு நாள் எந்திரிச்சு நின்னுது. மறுநாள் தொழுவுக்குள்ள நடந்துச்சு. காலு ரெண்டும் நேரா, ஒரு நொண்டலும் இல்லாம, தாசில்தார் நடக்க மாதிரி நடந்து போயி வைக்கப்போருமேல ஏறிக் கூவுச்சு. அத்தை தெருவுக்கு ஓடினா. எம்மவன் இருக்கான், உசுரோட இருக்கான்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் சொன்னா. அலிமாகிட்டயும் போயிப் பேசிட்டா, கையில கருப்பட்டியைத் திணிச்சுட்டு வந்தா. வந்தவ என்னைக் கூப்பிட்டு, உடனே எழுதுங்க, மாடன் வாக்குக் குடுத்துட்டான், அவ கழுத்துல வேற ஒருத்தன் கைபடக்கூடாது, இங்கன வந்து காத்திருக்கட்டும்னு எழுதுங்கன்னு சொன்னா.

நானும் காயிதத்தை எடுத்து வச்சேன். பக்கத்துலயே உன் கார்டு கெடந்துச்சு. அதைத் திரும்ப எடுத்து வாசிச்சேன், அத்தை சொன்னதை எழுதல.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன் முப்பிடாதி, கேலி இல்லாமச் சொல்லுதேன். முள்ளு குத்துச்சு, சேவலு நொண்டுச்சு. முள்ளை எடுத்தேன், நடக்குது. அம்புட்டுத்தான். அதுல கடற்கரை எங்கயும் இல்ல. அவன் செத்ததையும் அது சொல்லல, இருக்கதையும் சொல்லல. சாமியாடி நொண்டுத காலைக் காட்டி உன்னைத் தாலி அறுக்கச் சொன்னான். நான் நடக்குத காலைக் காட்டி உன்னை உக்காரச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான். அவனாவது தட்சணை வாங்கிட்டுச் சொன்னான்.

அவன் இருக்கானான்னு எனக்குத் தெரியாது. சித்தாத்துல குளிக்கப் போனா இருக்கான்னு தோணுது, ஈரத்துண்டோட வீட்டுக்கு வருததுக்குள்ள இல்லைன்னு தோணுது. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்ல?

நேத்து சேவலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாடன் பீடத்துக்குப் போனேன். அந்தச் சின்னப்பிள்ளை பயத்துல நேந்துக்கிட்டது, இனி அது அவ நேச்சை இல்ல, என் நேச்சை, அவகிட்டக் கேக்காத, என்கிட்டக் கேளுன்னு சொல்லிட்டு வந்தேன். மாடன் வேண்டாம்னு சொல்லல. சரின்னுதான் எடுத்துக்கிட்டேன். அதனால இனிமே சேவலு செத்தாலும் பொழைச்சாலும் உன்மேல ஒண்ணும் இல்ல தாயி. பெட்டைக்கோழி ரெண்டும் பழகிட்டு, ஒண்ணு முட்டைக்கு எடம் தேடுது.

உனக்கு என்ன வயசு, இருபத்தி ரெண்டா? உங்க அய்யா செய்யுத அவசரத்தைத்தான் கேலி பேசினேன், அவுக பயத்தை இல்ல. தனக்குப் பெறவு உன்னை யாரு பாப்பாகன்னு பயப்படுதாக. அந்தப் பயம் எனக்கும் இருக்கு. உனக்குக் காத்திருக்கணும்னு மனசு இருந்தா இங்கன வா, இது உன் வீடு, உன்னை யாரும் ஏன்னு கேக்கமாட்டாக. ஆனா மனசு இருந்தா மட்டும் வா. சேவலுக்காக வராத, அத்தைக்காக வராத, எனக்காகவும் வராத. இல்ல, பாவூர்சத்திரந்தான்னு உனக்கே தோணுச்சுன்னா, களவு பண்ணுத மாதிரி இருட்டுல கட்டிக்கிட்டுப் போவாத. பகல்ல, பந்தல் போட்டுக் கட்டு. நான் வந்து உங்க அய்யா பக்கத்துல உக்காருதேன். அவுக மீசையைப் பத்தி வாய் தொறக்கமாட்டேன். எம்மவன் கட்டின தாலியை மட்டும் நீயே கொண்டாந்து அத்தை மடியில வச்சுட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. அவ அழுவா. அழட்டும். உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாத்தான் அது தீரும்.

இதெல்லாம் நான் எழுதுதது அத்தைக்குத் தெரியாது. பக்கத்துலதான் உக்காந்திருக்கா. எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கன்னா. அவ எழுதச் சொன்னதை அப்படியே வாசிக்க மாதிரி வாசிச்சேன், வாக்கு, மாடன், காத்திருக்கட்டும் எல்லாத்தையும். தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டா. நல்லா எழுதியிருக்கீகன்னு வேற சொன்னா. நீ பதில் போடும்போது எனக்கு எழுதுததைத் தனியா எழுது, அத்தைக்குன்னு ஒரு வரி தனியா எழுது. அந்த வரியை நீ எழுதினபடியே வாசிப்பேன்.

கடைசியா இதையும் எழுதுங்கன்னு இப்பச் சொல்லுதா. நீ நெடுங்காலம் மஞ்சக் குங்குமத்தோட, பக்கத்துல புருஷனோட, நரைச்ச தலையோட இருக்கணுமாம். எம்மவன் பேரைச் சேத்துத்தான் சொன்னா. நான் பேரை விட்டுட்டு எழுதியிருக்கேன்.

இப்படிக்கு,
எப்பவும் உன் மாமன்,
ஆறுமுகநயினார்.